செத்தவர் கையில் கொடுத்த சம்மன்

இருபத்தொன்பது வருடம் கோர்ட்டில் பெய்லிஃப் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கிற எத்தனையோ பேர், தாங்கள் செத்துப்போய்விட்டதாக என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். செத்துப்போன ஒருவர் உயிரோடு இருப்பதாகச் சொன்னவன் நான் ஒருவன்தான். அதையும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. சத்தியப் பிரமாணம் செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கிச் சொன்னேன்.

நம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் புதிதாக இந்த வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கஸ்தூரி சொன்னாள். கஸ்தூரியை இந்த வேலைக்குப் பழக்கியவன் நான். இப்போது அவள் உங்களுக்கு மூத்தவள். படிவம், கட்டணம், எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் மலாயில் மூன்று நாள் பயிற்சியாகக் கொடுத்துவிட்டார்களாம். மிச்சம் இருப்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கண்ணே என்றாள். மிச்சம் என்று அவள் சொன்னது நான் பண்ணிய தப்பைத்தான். அதை நேராகக் கேட்க மரியாதை தடுத்திருக்கும்.

நம் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கோர்ட்டு கொடுக்கும் காகிதத்தை உரியவர் கையில் சேர்ப்பது ஒன்று. அவர் அதை மதிக்காமல் இருந்து, கோர்ட்டு உத்தரவு போட்டால், போய் அவர் வீட்டைப் பூட்டுவது இன்னொன்று. இதற்கு நடுவில் நமக்கு ஒரு வியாதி பிடிக்கும். இரண்டு புலியும் பிறையும் உள்ள அரசாங்கச் சின்னம் அச்சடித்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியதும் நடை மாறும். எனக்குக் குரலும் மாறியது. சோற்றுக்கு உப்பு கேட்டால்கூடத் தீர்ப்பு வாசிப்பது போல் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அவள் அந்தத் தீர்ப்புகளை எல்லாம் அப்போதைக்கப்போது தள்ளுபடி செய்துவிடுவாள்.

மனிதர்கள் காகிதத்துக்குப் பயப்படுகிற அழகைப் பார்க்க வேண்டுமென்றால் நம் வேலைக்குத்தான் வரவேண்டும். பத்து காஜா ஊரில் ஒரு இரும்புச் சாமான் கடைக்காரர். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் போன மாசமே தவறிட்டாரே என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரே சொன்னார். அவர் தலைக்குமேல் கடை லைசென்ஸ் தொங்கியது. அதில் அவர் படம் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துவிட்டு, சரி, அப்படியென்றால் இந்தக் கேசு இனி அவருக்குத் தேவைப்படாது என்று திரும்பி இரண்டு அடி வைத்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: “எந்தக் கேசு சார்?” தனக்கு எதிராக யார் கேசு போட்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் எந்தப் பிணமும் நிம்மதியாகப் படுக்காது.

லூமுட்டில் ஒரு படகுக்காரர் என்னைப் படகுத்துறையில் பார்த்ததும் கரைக்கு வராமல் கடலிலேயே சுற்றினார். நான் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். மீன் அழுகும், சம்மன் அழுகாது. மத்தியானத்துக்குள் வந்து, என்னை அப்போதுதான் பார்த்ததுபோல ஆச்சரியப்பட்டு, கையெழுத்துப் போட்டார்.

ஓடுகிறவர்களையும் ஒளிகிறவர்களையும் பிடித்துப் பிடித்து எனக்கு ஒரு தலைக்கனம் வந்துவிட்டது. பொய் சொல்கிறவனைக் கண்டால் உடனே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பொய்யே சொல்லத் தெரியாதவர்களிடம் எப்படி ஏமாறுவது என்பதை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் சம்மனைக் கண்டு ஓடமாட்டார்கள். அரசாங்கத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றால் பனியனோடு இருப்பவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வருவார். எனக்கு இது தெரியாமல் இல்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் எடுக்கப் பால்மரக் காட்டுக்குப் போனவர்கள். ஆனால் கோர்ட்டு வேலைக்கு வந்து, ஈப்போவில் வீடு வாங்கி, கேட்டில் என் பெயரைப் பித்தளையில் பொறித்த பிறகு, தெரிந்த பல விஷயங்கள் எனக்கு வசதியாக மறந்துபோயின.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். அதன் பழைய பெயர் இப்போது யாருக்கும் வேண்டாம். வரப்போகும் வீடமைப்புத் திட்டத்துக்கு ஏதோ ஐரோப்பியத் தோட்டம் மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய், நிலம் ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் ஐந்தில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். தோட்ட ஆபீசிலிருந்து வந்த வீட்டுப் பட்டியலை அப்படியே வைத்து, அதிலிருந்த ஐந்து பெயர்கள் மேல் கம்பெனி கேசு போட்டது. ஐந்து சம்மனும் என் பைக்கு வந்தன.

அன்றைக்குப் புதன்கிழமை. ஈப்போவில் ஒரு கடையில் புதன்கிழமைதான் மீன் தலைக்கறி. பன்னிரண்டரைக்குமேல் போனால் குழம்புதான் கிடைக்கும், தலை கிடைக்காது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் படியேறிப் போய், அடையாள அட்டை கேட்டு, முகத்தைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. நான் லயத்துக்கு நடுவிலிருந்த குழாயடியில் நின்றுகொண்டு, பட்டியலை எடுத்து, என் தீர்ப்புக் குரலில் பெயர்களை வாசித்தேன்.

ஐந்து பெயருக்கும் பதில் வந்தது. நான்காவது பெயர் முனுசாமி. கடைசி வீட்டு வாசலிலிருந்து ஒரு கிழவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “இருக்கேன்யா” என்று வந்தார். சம்மனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காட்டிய இடத்தில் ஒரு கிறுக்கல் போட்டார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாளைப் பார்த்து, எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன்: “பத்திரமா வச்சுக்குங்க.” மழை பிடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பினேன். மீன் தலை கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலை சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஐந்து பிரமாணப் பத்திரங்களையும் வரிசையாக வைத்தேன். முனுசாமி என்பவரிடம் நேரில், அவர் கையிலேயே கொடுத்தேன் என்று நான்காவது சொன்னது. இதெல்லாம் உண்மையா என்று அவர் தலையைத் தூக்காமல் கேட்டார். உண்மை என்று நானும் தலையைத் தூக்காமல் சொன்னேன். முத்திரை குத்திய கை போக, அவருடைய இன்னொரு கையில் தின்றுகொண்டிருந்த கறிபாப் பலகாரம் இருந்தது. நாட்டில் தினமும் எவ்வளவு சத்தியம் நடக்கிறது, அதற்கு எவ்வளவு குறைந்த நேரம் ஆகிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

ஐந்தில் நான்கு குடும்பங்கள் கம்பெனி கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டன. முனுசாமி கோர்ட்டுக்கு வரவில்லை. வராதவருக்கு எதிராகத் தீர்ப்பு கொடுப்பது சட்டத்துக்கு ரொம்பச் சுலபம். எதிர்த்துப் பேச ஆளே இல்லை பாருங்கள். சில மாதம் கழித்து, வீட்டைக் காலி செய்து கம்பெனியிடம் ஒப்படைக்கும் உத்தரவு என் மேசைக்கு வந்தது. நான் ஓய்வு பெற அப்போது ஆறு மாதம் இருந்தது.

காலை ஒன்பது மணிக்குப் போனோம். இரண்டு போலீஸ்காரர், பூட்டு உடைக்கிற ஒரு சீனர், சாமான் ஏற்ற ஒரு லோரி, கம்பெனி ஆள் ஒருவர். கம்பெனி ஆள் நம்மவர்தான். முப்பது வயதிருக்கும், காலில் கூர்மையான சப்பாத்து. பூட்டு உடைக்க வேலையே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. முன்பு கிழவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் வெளியே வந்து, பசியாறியாச்சா என்று எங்கள் எல்லாரையும் பொதுவாகக் கேட்டார். அவர் பெயர் அஞ்சலை. அந்தக் கிழவர் படியில் உட்கார்ந்து லோரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலி செய்யும் முன் வீட்டிலுள்ள சாமான்களைப் பட்டியல் எழுதுவது நம் வேலை. மேசை ஒன்று, மின்விசிறி ஒன்று, அலமாரி ஒன்று என்று எழுதிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பினேன். சாமி படங்களுக்குக் கீழே மாலை போட்ட ஒரு ஆளின் படம். மீசை வைத்தவர். நான் பார்த்தவரே இல்லை. படத்துக்குக் கீழே பெயர் முனுசாமி. தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. மறைந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அதே ஆணியில், அதே அளவு கண்ணாடிச் சட்டத்துக்குள், நான் கொடுத்த சம்மன் தொங்கியது. அதிலிருந்த அரசாங்கச் சின்னத்தின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

பட்டியல் எழுதுவதை நிறுத்தினேன். அதை ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்த வீட்டு நம்பரைப் போட்டு அரசாங்கத்திலிருந்து வந்த முதல் கடுதாசி இதுதான் என்றார் அஞ்சலை. பிறகு, என்னைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்து, “நீங்கதான சார் பத்திரமா வச்சுக்குங்கன்னீங்க. வச்சிருக்கேன்” என்றார்.

அந்த அம்மாள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொன்னதைச் செய்த ஒருவர், ஏன் இப்படி ஆயிற்று என்று புரியாமல் கேட்டார். இருபத்தொன்பது வருடத்தில் என் உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர் அவர் ஒருவர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

படியில் இருந்த கிழவரிடம் போனேன். அவர் பெயர் மாரிமுத்து, இறந்துபோன முனுசாமியின் மனைவி அஞ்சலைக்கு அண்ணன். அன்றைக்கு முனுசாமி என்று கூப்பிட்டபோது நீங்கள்தானே இருக்கேன் என்றீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவேயில்லை.

“ஆமாய்யா. மச்சான் போனதுலேர்ந்து அவரு பேருக்கு நான்தான் பதில் சொல்றது. பெரட்டுல பேரு கூப்பிட்டு பதில் வரலன்னா கிராணி பேர வெட்டிருவாரு. பேரு போனா வீடு போயிரும்லா.”

பெரட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியும் முன்பே தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். வேலையும் வீடும் அந்தப் பட்டியலில்தான் இருந்தன. காய்ச்சலில் கிடப்பவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். பட்டியல் எழுதும் ஆபீஸ் கிராணிக்கும் தெரியும். அவர் தலையைத் தூக்கமாட்டார். பெரட்டு நின்றுபோன பிறகும் வருடத்துக்கு ஒருமுறை ஆபீசிலிருந்து வீட்டுக் கணக்கு எடுக்க வந்து, குழாயடியில் நின்றுதான் பெயர் வாசிப்பார்களாம். மாரிமுத்து ஒன்பது வருடமாக ஒரு பெயரைச் சாகவிடாமல் வைத்திருந்தார். நான் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே குழாயடியில் நின்று அதே மாதிரி கூப்பிட்டேன். அவர்களுக்கு நான் கோர்ட்டு இல்லை. இன்னொரு கிராணி.

சம்மனில் தேதி போட்டிருந்ததே, ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை என்று அஞ்சலையிடம் கேட்டேன். வரச் சொன்னது அவரை, நாங்கள் போனால் அவர் எங்கே என்று கேட்பார்கள், செத்துப்போனார் என்று தெரிந்தால் அங்கேயே பெயரை வெட்டிவிடுவார்கள் என்றார். அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அவர் பார்த்த உலகத்தில் சட்டம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கம்பெனி ஆள் கைக்கடிகாரத்தைக் காட்டினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவருடைய அவசரம்.

“அண்ணே, செத்தது உங்களுக்குத் தெரியாதுலா. எனக்கும் தெரியாது. நான் இன்னும் உள்ளயே போகல, படத்த பாக்கல” என்றார்.

சட்டத்தின் பாதி பலம் படத்தைப் பார்க்காமல் இருப்பதில்தான் இருக்கிறது என்பதை அவர் அந்த வயதிலேயே தெரிந்துவைத்திருந்தார். உத்தரவும் அவர் பக்கம்தான் பேசியது. வீட்டில் யார் இருந்தாலும் வெளியேற்று என்று அதில் இருந்தது. நான் பூட்டிவிட்டுப் போயிருந்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள்.

எனக்கு இன்னொரு வழியும் தெரியும். உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். கனமழை, பாதை மோசம், கோவில் திருவிழா என்று ஏதாவது எழுதி உத்தரவைத் திருப்பிவிடலாம். மூன்று வாரம் தள்ளிப்போகும். அந்த அம்மாளுக்கு நல்லது செய்ததுபோல் இருக்கும், நான் சத்தியம் செய்த பொய்யும் வெளியே வராது. பேனாவை எடுத்து, லோரியின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, “பாதை” என்று எழுதியும்விட்டேன். பாதை நன்றாகத்தான் இருந்தது. லோரியே வந்து நிற்கிறது. பயந்துபோயிருந்தேன். ஆறு மாதம், பிறகு பென்ஷன். பொய்ப் பிரமாணம் என்றால் வேலை மட்டும் போகாது, ஜெயிலும் உண்டு. பத்து காஜா ஜெயிலுக்கு நான் எத்தனையோ காகிதம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து இதே உத்தரவு வேறு ஒருவர் பையில் வரும். அவர் சுவரைப் பார்க்கமாட்டார். நான் சத்தியம் செய்தது சத்தியமாகவே இருக்கும், அஞ்சலை ரோட்டில் இருப்பார். “பாதை” என்பதை அடித்துவிட்டு உள்ளே போனேன்.

“அக்கா, அவர் மரணச் சான்றிதழ் இருக்கா?”

அஞ்சலையின் முகம் மாறிவிட்டது. இல்லை என்றார். அவர் பொய் சொல்லி அப்போதுதான் பார்த்தேன், அது அவருக்கு வரவேயில்லை. அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“அத எடுத்தா வீடு போயிரும் சார். ஒம்பது வருசமா யாருக்கும் காட்டல.”

“எடுக்கலன்னா இன்னிக்கே போயிரும்க்கா. செத்தவர் மேல கேசு நிக்காது. அது மட்டும்தான் இப்ப உங்க கையில இருக்கு.”

அவர் என்னை நம்ப ஒரு காரணமும் இல்லை. இதற்கு முன் நான் சொன்னதைக் கேட்டதால்தான் வாசலில் லோரி நிற்கிறது. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு அஞ்சலை நாற்காலியைப் போட்டு ஏறி, அவரே டின்னை எடுத்தார்.

நான் எழுதிக் கொடுத்தது நான்கு வரி. உத்தரவு நிறைவேற்றப்படவில்லை. பிரதிவாதி கேசு போடும் முன்பே இறந்தவர். அவரிடம் நேரில் கொடுத்ததாக நான் செய்த பிரமாணம் தவறு. அடையாள அட்டையை நான் கேட்கவில்லை. நான்காவது வரியை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. லோரி காலியாகத் திரும்பியது. கம்பெனி ஆள் என்னிடம் கைகுலுக்காமல் போனார். போலீஸ்காரர் இருவரும் அஞ்சலை போட்ட, பாலில்லாத தே-ஓவைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

கோர்ட்டில் விசாரணை. மாஜிஸ்திரேட் அம்மா இளம் வயதுக்காரர். அவரை மலாயில் மரியாதையாகப் புவான் என்றுதான் கூப்பிட வேண்டும். என் பழைய பிரமாணத்தை ஒரு கையிலும் மரணச் சான்றிதழை மறு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். இறந்து ஒன்பது வருடமான ஒருவரிடம் நேரில் கொடுத்ததாகச் சத்தியம் செய்திருக்கிறீர்களே, அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்று மலாயில் கேட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், புவான் என்றேன். நான் கிண்டலாகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். கம்பெனி வக்கீல்கூடச் சிரித்துவிட்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இனி முடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் சட்டத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. செத்தவரையும் கூப்பிட்டுப் பார்க்காமல் வரவில்லை என்று எழுதக் கூடாதாம். அப்படிக் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி வக்கீல் கேட்டார். முறைப்படி வெளியே பெயரைக் கூப்பிடுங்கள் என்று மாஜிஸ்திரேட் சொன்னார்.

கதவைத் திறந்து வராந்தாவில் நின்று கூப்பிட்டார்கள். முனுசாமி.

பின் பெஞ்சில் மாரிமுத்து விறைத்து உட்கார்ந்தார். கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

இரண்டாவது தடவை. முனுசாமி.

அவர் பாதி எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த அஞ்சலை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கோர்ட்டு ஊழியன் ஒருவன் கோர்ட்டுக்குள் சாட்சிக்குச் சைகை காட்டக் கூடாது. இந்தக் கேசில் நான் மீறிய விதிகளில் இதற்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை.

மூன்றாவது தடவை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பதில் இல்லை என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவர் அழுதிருப்பார். ஆனால் சத்தம் போடாமல், ஆபீசுக்குக் கேட்காமல் அழுதிருப்பார். மாரிமுத்து கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ தன்னால் முடியாமல் போனதுபோல உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நானும் குனிந்துகொண்டேன்.

உத்தரவு ரத்தானது. அதற்கான காரணத்தைப் படித்துப் பாருங்கள். அந்த அம்மாள் அங்கே பிறந்ததோ, பால் எடுக்க மரம் வெட்டியதோ, குடியிருந்ததோ அதில் ஒரு வரிகூட இல்லை. பிரதிவாதி இறந்துவிட்டார், அவ்வளவுதான். உயிரோடு இருந்தவரை எந்த ஆபீசிலும் ஒரு காரியத்தையும் சாதிக்க முடியாத முனுசாமி, செத்துப்போனதை வைத்து வீட்டைக் காப்பாற்றிவிட்டார். சட்டத்தைப் பற்றி நான் எவ்வளவு கிண்டல் பேசினாலும், அன்றைக்கு அது ஒரு சான்றிதழைப் பார்த்துத் தன் தீர்ப்பைத் தானே வாபஸ் வாங்கியது. மனிதர்கள் அவ்வளவு சுலபமாக வாங்கமாட்டார்கள். எனக்கே நான்கு வரி எழுத அவ்வளவு நேரம் ஆயிற்று.

என்மேல் நடவடிக்கை வந்தது. ஏன் உங்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு ஒரு கடிதம். அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது கஸ்தூரி. ஏழு வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்தவள், என் வீட்டில் நூறு தடவை சாப்பிட்டவள், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என் முழுப் பெயரைப் படித்துக் கேட்டாள். நான்தான் தெரியாதா என்றேன்.

“ஐசி காட்டுங்கண்ணே.”

அடையாள அட்டையைக் காட்டினேன். படத்தையும் என் முகத்தையும் இரண்டு தடவை பார்த்தாள். படத்துல முடி இருக்கே என்றாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பத்திரமா வச்சுக்குங்க என்று அவள் சொல்லவில்லை. பதினாலு நாளுக்குள் பதில் எழுதிக் கொடுங்க, விட்றாதீங்க என்றாள். அதற்கப்புறம்தான் உள்ளே வந்து என் மனைவி சுட்ட தோசையைச் சாப்பிட்டாள். பதில் எழுதினேன். கடைசியில் கிடைத்தது கடும் கண்டனம், ஒரு வருட ஊதிய உயர்வு ரத்து. பென்ஷன் தப்பியது.

கம்பெனி சும்மா இருக்குமா? நான் ஓய்வு பெற்ற பிறகு மறுபடியும் கேசு போட்டது. இந்தத் தடவை பட்டியலை நம்பாமல் ஆள் விட்டு விசாரித்து, சரியான பெயரில் போட்டது. கஸ்தூரிதான் சம்மன் கொண்டுபோனாள். குழாயடியில் நிற்காமல் படியேறிப் போய், அஞ்சலை நீங்கதானா என்று கேட்டாளாம். அந்த அம்மாள் சம்மனை வாங்கி, பெயர் போட்ட இடத்தைக் காட்டச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்த்தாராம்.

“தோட்டத்து சம்பளப் பட்டியல் செக்ரோல்ல கூட முனுசாமி பொஞ்சாதின்னுதான் எழுதுவாங்க. இதுலதான் என் பேர போட்டிருக்காங்க” என்றாராம்.

இந்தத் தடவை அவர் சட்டம் போட்டு மாட்டவில்லை. பிஸ்கட் டின்னில் வைத்து, சட்ட உதவி ஆபீசுக்குக் கொண்டுபோனார். கஸ்தூரி வழி மட்டும் சொன்னாள். கம்பெனி கட்டித் தரும் மாற்று வீட்டின் சாவி கைக்கு வரும்வரை லயத்து வீட்டைத் தொடுவதில்லை என்று கம்பெனி கடைசியில் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. மாற்று வீட்டுக்கு அடிக்கல் நாட்டி, விளம்பரப் பலகையும் வைத்திருக்கிறார்கள். பலகையில் வீடு ரொம்ப அழகாக இருக்கிறது. இதை எழுதும்போது அஞ்சலை இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்.

அந்தக் கேசின் முதல் நாள் நானும் போயிருந்தேன். ஃபைல் இல்லாமல், பார்வையாளர் பெஞ்சில், மாரிமுத்துவுக்குப் பக்கத்தில். வராந்தாவில் நின்று பெயரைக் கூப்பிட்டார்கள். மாரிமுத்துவின் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது.

“இருக்கேன்யா” என்று அஞ்சலை எழுந்தார். இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.